அரசாங்கக் காடி கொஸ்தான் அடிக்காது

பெல்மோர் தோட்டத்துச் செம்மண் சடக்கில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால் ஏதாவது ஒன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் செம்பனை. வண்டி பின்வாங்குவதற்குத் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பேராக்கில் எல்லாரும் சொல்லும் ஒரே சொல் கொஸ்தான். அது எந்த மொழிச் சொல் என்று யாரும் விசாரிப்பதில்லை. வண்டி பின்னால் போனால் கொஸ்தான், அவ்வளவுதான்.

அந்தச் சடக்கில் எப்போதும் கொஸ்தான் அடிப்பவள் பெட்ரீசியா. பள்ளி வேன் ஓட்டுகிறவள். லாரிக்கு வழிவிடுவாள், மாட்டுக்கும் வழிவிடுவாள். அன்று காலை எதிரே வந்தது ஒரு கறுப்புக் காடி, அரசாங்கத்துக் கார். மூக்கில் சின்னக் கொடிக்கம்பி இருந்தது, கொடி இல்லை. வேனுக்குள் பிள்ளைகள் பள்ளிக்கு நேரமாகிறதென்று கத்தினார்கள். காடியிலிருந்து ஓட்டுநர் சீனி இறங்கி வந்தான். பாகான் செராய்க்காரன், பணிவானவன்.

"அக்கா, கொஞ்சம் கொஸ்தான் போங்கக்கா."

"நீ ஒரு நாலடி பின்னால போனா போதும்லா. அங்க ஒதுங்க எடம் இருக்கு. நான்னா லயம் வரைக்கும் பின்னாலயே போவணும்."

"தெரியும்க்கா. ஆனா அரசாங்கக் காடி கொஸ்தான் அடிக்காது."

"ஏன், கியர் இல்லியா?"

"கியர் இருக்கு. உத்தரவு இல்ல."

பெட்ரீசியா கொடியில்லாத அந்தக் கம்பியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வேனைப் பின்னுக்கு எடுத்தாள். "கொஸ்தான்! கொஸ்தான்!" என்று பிள்ளைகள் பாட்டாகவே பாடினார்கள். வேன் முதுகுப்பக்கமாகவே லயத்து வீடுகள் வரை போக, கறுப்புக் காடி அதன் மூக்கோடு மூக்கு வைத்து மெல்ல வந்தது.

காடியிலிருந்து இறங்கியவர் இருப்புநிலை அதிகாரி. பெல்மோர் தோட்டத்தில் எதுவும் மாறவில்லை என்று உறுதிசெய்வது அவர் வேலை.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, வெள்ளைக்காரக் கம்பெனி போய் உள்ளூர்க் கம்பெனி வந்து, அதுவும் விற்றுவிட்டுப் போனபிறகு மிஞ்சியது தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு வரிசை லய வீடுகள்தான். குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். கையெழுத்துப் போட மற்றவர்கள் பேனா தேடிக்கொண்டிருந்தபோது பெட்ரீசியாவிடம் பேனா இருந்ததால் வழக்கில் முதல் பெயர் அவளுடையது ஆயிற்று. ஈப்போவில் நீதிபதி, வீடும் அடிமனையும் குடியிருப்பவர்களுக்கே என்று தீர்ப்புச் சொன்னார். அன்று லயம் முழுக்கக் கேசரி வாசனை. மறுநாளே மாநில அரசு மேல்முறையீடு செய்தது. வீடுகளுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை இருந்தது. மலைக்குப் பின்னால் ஒரு குவாரிக் கம்பெனி இருந்தது. கம்பெனிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதை மலை மறைத்துக்கொண்டிருந்தது.

மேல்முறையீடு முடியும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்று ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. அது வந்த மாதம் அடித்த புயலில் பெட்ரீசியா வீட்டுக் கூரையில் இரண்டு தகரம் பறந்துபோனது. புதுத் தகரம் போட்டால் உத்தரவை மீறியதாகும். தார்ப்பாய் கட்டினாள், தார்ப்பாயும் மாற்றம்தான் என்று அவிழ்க்கச் சொன்னார்கள். மகள் ஷார்மேன் ஐந்தாம் படிவப் பரீட்சைக்குக் கட்டில்மேல் குடை பிடித்து உட்கார்ந்து படித்தாள். கணவன் எரிக் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிக்கொண்டு, தினமும் போனில் ஈப்போ வானிலையை விசாரித்தான்.

அன்று காலை அதிகாரி அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தார். கையிலிருந்த பழைய படத்தையும் பார்த்தார்.

"போன முறையைவிட ஓட்டை பெரிதாக இருக்கிறதே," என்றார் மலாயில்.

"மழை செஞ்சது, துவான்."

"மழைக்கு அனுமதி கொடுத்தது யார்?"

பெட்ரீசியா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவள் கதவில் ஓர் எச்சரிக்கை ஒட்டப்பட்டது. தன் கூரையின் மேல் மழை அத்துமீறுவதற்கு இடம்கொடுத்ததாக அவள்மீது குற்றம்.

*

"மறுபடியும் தள்ளி வச்சிட்டாங்கக்கா," என்றான் தனேஸ்வரன். லயத்து மக்களின் வழக்கறிஞன். இளைஞன். கழுத்துப்பட்டையைத் தளர்த்தாமலே தே தாரேக் டீ குடிப்பவன். ஈப்போவில் அவன் அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டுப் பத்துமலை. வழக்கு என்றால் துணைக்கு வருவதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டவர்.

"ஏன்லா?" என்றாள் பெட்ரீசியா.

"அரசாங்கத்துக்கு வக்கீல் இல்ல."

"அவங்கதான அப்பீல் பண்ணாங்க? பண்ணவங்க வரலேன்னா கேசு தள்ளுபடி ஆவணும்ல?"

"நீங்களும் நானும் வரலேன்னா ஆவும். வராதது அரசாங்கம்க்கா. அது வர்ற வரைக்கும் காத்திருக்கிறதுதான் மரியாதைன்னு நெனைக்கிறாங்க."

"குஸ்திக்குக் கூப்புட்டுட்டு ஆளே அனுப்பலேன்னா என்னாய்யா அர்த்தம்?" என்றார் பத்துமலை.

"ஆள் தேடுறாங்கன்னு அர்த்தம்," என்றான் தனேஸ்வரன்.

அவன் விளக்கினான். முன்பெல்லாம் மேல் நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாட யாராவது ஒரு வழக்கறிஞரை அனுப்புவார்கள், அவர் ஏதாவது வாதாடுவார். தகுதி பார்த்து அனுப்பவில்லை என்று யாரோ குறை சொன்னார்கள். உடனே தகுதி பார்ப்பதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. மேல்நீதிமன்ற அரசு வழக்காடுநர் நியமன மேன்மை வாரியம் என்பது முழுப் பெயர். மேன்மை வாரியம் என்றால் தெரியும். அமைந்த நாளிலிருந்து அது ஒருவரையும் நியமிக்கவில்லை. வந்த எவரிடமும் போதுமான மேன்மை இல்லை.

பெட்ரீசியா கிளாசைக் கீழே வைத்தாள். "அப்ப நாமளே போயி ஒரு வக்கீல் போடுங்கன்னு கேப்போம்."

"நம்மள எதிர்த்து வாதாடுறதுக்கா?"

"எதிர்த்தே பேசட்டும்லா. பேசுனாத்தான தோப்பாங்க. வராதவன எப்பிடித் தோக்கடிக்கிறது?"

தனேஸ்வரன் சட்டப் புத்தகங்களை மனதுக்குள் புரட்டிப் பார்த்தான். அப்படிக் கேட்கக்கூடாது என்று எதிலும் இல்லை.

*

மேன்மை வாரியம் ஈப்போ பழைய நகரில், ஒரு காலத்தில் வங்கியாக இருந்த கட்டடத்தில் இயங்கியது. உள்ளே பளிங்குத் தரை. சுவரோரம் கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் விண்ணப்பதாரர்கள். ஒருவர் சோர்ந்து தூங்கினார். இன்னொருவர் தான் வந்தபோது மீசை கறுப்பாக இருந்ததென்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். வணங்கும் தேர்வில் அவர் முதுகு தேவைக்குக் குறைவாக வளைந்துவிட்டதாம். அவருக்கு முன்னால் போனவர் எல்லாத் தேர்விலும் தேறி, கல்லூரி நாளில் ஒரு போக்குவரத்துச் சம்மனில் தோற்றிருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டார். தோல்வியே அறியாத வழக்கறிஞர்தான் வேண்டும் என்பது முதல் விதி.

முகப்பில் இருந்த மலாய்ப் பெண்மணி நிமிர்ந்து, தனியாக வந்திருந்த பெட்ரீசியாவைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டாள்.

இங்கேதான் அது நடந்தது. வழக்கறிஞருக்கு மலாயில் பெகுவாம் என்பது பெட்ரீசியாவுக்குத் தெரியாததில்லை. அவள் மலாய், சந்தையில் சீனரையே பேரத்தில் மடக்கும் மலாய். ஆனால் லயத்தில் காலையிலிருந்து அத்தனை பேரும் வக்கீல், வக்கீல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தச் சொல் அவள் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது. பளிங்குத் தரையும் கறுப்பு அங்கிகளும் சேர்ந்து மிரட்டியதில், "வக்கீல் கெராஜான்" விஷயமாக வந்திருக்கிறேன் என்று மலாயில் சொன்னாள். அரசாங்க வக்கீல் என்று அவள் நினைத்தாள். அவசரத்தில் கீ கொஞ்சம் குறுகிக் கி ஆகிவிட்டது. வக்கில் என்றால் மலாயில் பிரதிநிதி.

ஒரே ஒரு மாத்திரைதான் வித்தியாசம்.

"அரசாங்கத்தின் பிரதிநிதியா!" என்று அந்தப் பெண்மணி எழுந்தே விட்டாள். அத்தனை காலமும் அந்த முகப்புக்கு வந்த எல்லாரும் பெகுவாம் என்றே சொல்லியிருந்தார்கள். ஒருவரும் வக்கில் என்று சொன்னதில்லை. அவள் ஓடிப்போய் உள்ளறைக் கதவைத் தட்டினாள். அங்கி போட்டவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரப்பர்ச் செருப்போடு பெட்ரீசியா உள்ளே அழைத்துச் செல்லப்பட்டாள்.

உள்ளே நீண்ட மேசை. அதன் தலைமாட்டில் வாரியத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய சுகுமாரன். இருபக்கமும் உறுப்பினர்கள். அவர்கள் தலையாட்டுவதற்கு நியமிக்கப்பட்டவர்கள், அந்த நியமனம் மட்டும் தாமதமின்றி நடந்திருந்தது. டத்தோ மேடையில் பேசும் தமிழையே அறையிலும் பேசுவார்.

"வருக, அம்மையே. தாங்கள் இதுவரை எந்த வழக்கிலாவது தோற்றதுண்டா?"

"ஒரே ஒரு கேசுதான் டத்தோ. அதுல ஜெயிச்சேன்."

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரை எதிர்த்து?"

"ஒங்கள எதிர்த்துத்தான்."

"அரசையே வென்றவர்!" டத்தோவின் குரல் தழுதழுத்தது. "இப்பேர்ப்பட்டவர் எதிர்ப்பக்கம் இருந்ததே ஒரு நிர்வாகக் கோளாறு. சட்டம் பயின்றிருக்கிறீர்களா?"

"ஃபார்ம் த்ரீ வரைக்கும் படிச்சேன். டத்தோ, ஒரு நிமிசம். தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க. நான் சொன்னது வக்கீல். ஒங்களுக்கு ஒரு வக்கீல் போடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நான் பெல்மோர் தோட்டத்து ஆளு. ஒங்க எதிர்க்கட்சியே நான்தான்."

உறுப்பினர்களின் தலைகள் ஆடாமல் நின்றன. அப்பாடா, புரிந்துவிட்டது என்று பெட்ரீசியா நினைத்தாள். டத்தோ மெல்ல எழுந்து நின்றார்.

"கேட்டீர்களா? முரண்பாட்டை அறிவித்துவிட்டார்! நண்பர்களே, அறிவித்த முரண்பாடு முரண்பாடு ஆகாது. மறைத்த முரண்பாடுதான் முரண்பாடு. இதுவரை இங்கே வந்த ஒருவராவது அறிவித்தாரா? எல்லாரும் நேர்மையானவர்கள்போல வந்து உட்கார்ந்தார்கள்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"ஆனா டத்தோ, நான் வக்கீலே இல்ல."

"அதுவே தங்கள் சிறப்பு. சட்டம் படித்தவர்களுக்குச் சட்டத்தைப் பற்றிக் கருத்து இருக்கிறது. கருத்துள்ளவர்களை வைத்துக்கொண்டு அரசு என்ன செய்வது? மேலும், பெகுவாமை நியமிக்கத்தான் எங்களுக்கு விதிகள் உண்டு. அந்த விதிகளை நாங்களே இயற்றினோம். எங்களாலேயே அவற்றைத் தாண்ட முடியவில்லை. வக்கிலை நியமிக்க விதியே இல்லை. விதி இல்லாத இடத்தில் தடை ஏது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதம் ஆண்டறிக்கை போகவேண்டும், அம்மா. செய்த நியமனங்கள் என்ற இடத்தில் எத்தனை காலம்தான் கோடு போடுவது?"

பிறகு வசதிகளைச் சொன்னார். நியமனம் பெறுபவருக்கு ஈப்போவில் அரசாங்க வீடு. ஓட்டுக் கூரை. ஒரு துளி ஒழுகாது.

பெட்ரீசியா வெளியே வந்தாள். மீசை நரைத்த வழக்கறிஞர் அவள் கையைப் பிடித்து, வணங்கும் தேர்வில் எவ்வளவு வளைந்தீர்கள் என்று கேட்டார்.

"நான் வளையவே இல்லியே," என்றாள் அவள்.

*

அன்று மாலை பெட்ரீசியா வீட்டு வாசலில் லயமே கூடியது. அவள் நடந்ததைச் சொல்லி முடித்ததும் முதலில் சிரித்தவர் பத்துமலை. சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"ஓட்டுக் கூரையா? அப்ப நீ போய்ருவியா தங்கச்சி?"

உள்ளே குடைக்கு அடியில் ஷார்மேன் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"கூரை எனக்கு மட்டும்தான் ஒழுவுதாண்ணே?" என்றாள் பெட்ரீசியா. "ஒங்க சுவரு சாஞ்சிருக்கு. அந்தக் கடைசி வூட்டுல கக்கூஸ் கதவு இல்ல. எனக்கு மட்டும் ஈப்போல ஓடு போட்டு என்னா பண்ண?"

தனேஸ்வரன் எழுந்து நடந்தான். "அக்கா, இது சட்டப்படி செல்லாது. ஒரே ஆள் ரெண்டு பக்கமும் நிக்க முடியாது."

"செல்லாதுன்னு யாரு சொல்லணும்?"

"நாம ஆட்சேபிக்கலேன்னா... அரசாங்கத் தரப்பு ஆட்சேபிக்கணும்."

"அரசாங்கத் தரப்பு யாரு?"

தனேஸ்வரன் நின்றான். திரும்பி அவளையே பார்த்தான்.

"உள்ளதத்தான் சொன்னேன் தம்பி. எதிர்க்கட்சின்னு சொன்னேன், படிக்கலேன்னு சொன்னேன். ஒண்ணும் மறைக்கல. கோர்ட்டுலயும் சொல்லுவேன். அதுக்கப்புறமும் என்னையத்தான் அனுப்புவேன்னு சொன்னா, போறேன். வேற என்னா செய்யச் சொல்ற? மழைக்கு அனுமதி வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

பத்துமலை மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். இந்த முறை அவர் சிரிப்பு நெடுநேரம் ஓயவில்லை.

*

நியமன விழா ஈப்போவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வாசலில் கொம்பாங் மேளம். மேசைகளில் பழக்கூடை. வாரியம் தனக்கென்று தைத்து வைத்திருந்த ஊதா நிற மேன்மை அங்கியைப் பெட்ரீசியாவுக்குப் போர்த்தினார்கள். வாரியம் கனவு கண்ட வழக்கறிஞர் ஆறரை அடி உயரமானவர் போலும். அங்கி அவள் காலைச் சுற்றித் தரையிலும் கொஞ்சம் படுத்துக் கிடந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துமலை, "தோட்டத்துல காலைல ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்கு நிப்பாட்டுவானுங்க. அதுலகூட வேலைக்கு ஆள் போவும். இங்க பெரட்டு மட்டும்தான் போல," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்.

டத்தோ சுகுமாரன் பேசினார்.

"பெரியோர்களே! இந்த வாரியம் பொறுப்பேற்ற நாள்முதல் அரசு எந்த மேல்முறையீட்டிலும் தோற்றதில்லை. காரணம், எந்த மேல்முறையீட்டிலும் நாங்கள் யாரையும் அனுப்பவில்லை."

கைதட்டல்.

"நீதி தாமதமாகிறது என்கிறார்கள். நீதி விரைந்து வந்தால், நாம் தயாராக இல்லாத நேரத்தில் வந்துவிடாதா? சிலர் கூரை ஒழுகுகிறது என்கிறார்கள். ஒழுகும் கூரையைப் பார்க்க நாங்கள் மாதந்தோறும் அதிகாரியை அனுப்பவில்லையா? கைவிட்ட அரசு இப்படிப் பார்க்குமா?"

மறுபடியும் கைதட்டல். பெல்மோர் மக்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் மட்டும் பழம் உரிக்கும் சத்தம்.

"அரசின் சார்பில் எதிர்க்கவும், ஒத்திவைக்கவும், இணங்கவும், திரும்பப் பெறவும் இவருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்!" என்று ஓங்கிய குரலில் படித்து, நியமனப் பத்திரத்தைக் கொடுத்தார். படம் சரியாக விழவில்லை என்று படமெடுப்பவர் சொன்னதால் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்தார். அப்புறம் அவள் காதருகே குனிந்தார்.

"அதிகாரம் எல்லாம் சம்பிரதாயம், அம்மா. தாங்கள் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்தான். வழக்கை ஒத்திவைக்க வேண்டுகிறோம். அவ்வளவே."

"எதுக்கு டத்தோ ஒத்திவைக்கணும்? ஆள்தான் வந்தாச்சே."

டத்தோ அன்போடு சிரித்தார். "அம்மா, வழக்கு முடிந்துவிட்டால் வாரியம் எதற்கு?"

*

மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு லயத்து மக்கள் பள்ளி வேனிலேயே போனார்கள். ஓட்டியது அரசாங்கத்தின் வக்கில்.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்த பெண் நீதிபதி களைத்த முகத்தோடு கோப்பைத் திறந்தார். "அரசுத் தரப்பில் இன்றைக்காவது யாராவது உண்டா?"

பெட்ரீசியா எழுந்தாள். அங்கி நாற்காலியில் மாட்டியது. காவலர் வந்து, இந்த நிறத்துக்கு இங்கே அனுமதியில்லை என்று அதைக் கழற்றச் சொன்னார். கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். உள்ளே அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கோயில் சேலை.

"இருக்கேன், யாங் அரிஃப்," என்றாள். நீதிபதியை அப்படித்தான் அழைக்கவேண்டும் என்று தனேஸ்வரன் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தான். மீதியை அவளுடைய சொந்த மலாயில் சொன்னாள். "ஆனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பிரதிநிதி. வேன் ஓட்டுகிறேன். எதிர்த்தரப்பில் முதல் பெயரும் என்னுடையதுதான்."

மூன்று நீதிபதிகளும் நிமிர்ந்தார்கள். நியமனப் பத்திரம் மேலே போனது. நடுவில் இருந்தவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"வாரியத்திலிருந்து யாராவது வந்திருக்கிறீர்களா?"

பின்வரிசையிலிருந்து டத்தோ சுகுமாரன் எழுந்தார். படமெடுப்பவரைக்கூட அழைத்து வந்திருந்தார். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"இந்தப் பெண்மணி எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?"

"அறிவித்தார், யாங் அரிஃப். ஏற்றோம்."

"சட்டம் படிக்காதவர் என்பதும்?"

"பரிசீலித்தோம், யாங் அரிஃப்."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். நியமனத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால், இந்தப் பத்திரத்தை இப்போதே ஒதுக்கிவைக்கிறேன்."

டத்தோவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தவறு என்று ஒப்புக்கொண்டால் அரசு தப்பிக்கும். ஆனால் மேன்மை வாரியம் தவறிவிட்டது என்று ஏட்டில் ஏறும். ஆண்டறிக்கையில் மறுபடியும் கோடு விழும். அவர் மார்பை நிமிர்த்தினார்.

"எங்கள் நியமனத்தில் தவறு நேர வாய்ப்பே இல்லை, யாங் அரிஃப். அவர் சொல்வதே அரசின் சொல்."

பதிவாளர் அதை எழுதிக்கொண்டார்.

நீதிபதி பெட்ரீசியா பக்கம் திரும்பினார். "சட்டம் படிக்காதவர் இங்கே வாதாட முடியாது. ஆனால் போட்ட முறையீட்டைப் போட்டவரே முடித்துக்கொள்ள வாதாடத் தேவையில்லை. வழக்கம்போல ஒத்திவைக்கக் கேட்கிறீர்களா? அல்லது வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

பெட்ரீசியாவின் முதுகுக்குப் பின்னால் டத்தோ ஒத்திவைப்பு என்று கையால் காற்றில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பப் பெறுகிறோம் என்பதற்குச் சரியான மலாய்ச் சொற்களைத் தனேஸ்வரன் வேனில் வைத்துச் சொல்லித்தந்திருந்தான். அவளும் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் அந்த உயரமான மேசையைப் பார்த்ததும் அவை எங்கோ போய் ஒளிந்துகொண்டன. கூரையில் இருந்த ஓட்டை ஞாபகம் வந்தது. கொடியில்லாத கொடிக்கம்பி ஞாபகம் வந்தது. வாழ்நாளெல்லாம் அந்தச் செம்மண் சடக்கில் அவள் மட்டுமே செய்துவந்த அந்த ஒரு காரியம் நாக்கில் வந்து நின்றது.

"கெராஜான் கொஸ்தான், யாங் அரிஃப்."

அரசாங்கம் பின்வாங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். தேவையில்லை என்று நீதிபதி கையைக் காட்டினார். அவர் சொந்த ஊரிலும் ஒரே வண்டி போகும் சடக்குகள் இருந்திருக்க வேண்டும். இடப்பக்க நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் நடு நீதிபதி. முகத்தில் சிரிப்பே இல்லை.

"முழுக்க, யாங் அரிஃப். ஈப்போத் தீர்ப்பு வரைக்கும்."

எதிர்த்தரப்புக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். தனேஸ்வரன் எழுந்து, இல்லை என்றான். மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவானது. இடைக்கால உத்தரவு அதோடு செத்தது.

வெளியே வந்ததும் டத்தோ சுகுமாரன் நிருபர்களிடம் பேசினார். வாரியத்தின் தோல்வியற்ற வரலாறு இன்றும் தொடர்கிறது என்றார். திரும்பப் பெறுவது தோல்வியில் சேராது என்றும் விளக்கினார்.

*

மறுநாள் காலை பெட்ரீசியா தகரம் வாங்கச் சிம்பாங் பூலாய்க்குக் கிளம்பினாள். பக்கத்தில் பத்துமலை, மடியில் பழைய ஆணி டப்பாவோடு. லயத்தில் விடிந்ததிலிருந்து சுத்தியல் சத்தம். சுத்தியல் இருந்தவர்கள் அடித்தார்கள், இல்லாதவர்கள் அம்மிக் குழவியால் அடித்தார்கள். தகரம் வரும்வரைக்கும் ஷார்மேனின் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஓட்டையில் ஊதா நிற மேன்மை அங்கி திணிக்கப்பட்டிருந்தது. நல்ல கெட்டித் துணி. ஒரு துளி இறங்கவில்லை.

சடக்கின் பாதியில் கறுப்புக் காடி எதிரே வந்தது. பின்னிருக்கையில் டத்தோ. அங்கியைத் திரும்பப் பெற வந்திருந்தார். பெட்ரீசியா பிரேக்கை மிதித்தாள். இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு நின்றன.

சீனி இறங்கி வந்தான். நேற்றைய செய்தியைப் படித்திருந்தான். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுலா. வழிய விடு."

"கொஞ்சம் கொஸ்தான் போங்கக்கா. டத்தோ இருக்காரு. ஒங்களுக்குத் தெரியாததா? அரசாங்கக் காடி கொஸ்தான் அடிக்காது."

பெட்ரீசியா எஞ்சினை அணைத்தாள். சாவியை எடுத்து, ஆணி டப்பாவுக்குள் போட்டாள். கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நேத்து அடிச்சுச்சே தம்பி," என்றாள். "நான்தானே ஓட்டுனேன்."

சீனி திரும்பிப் பின்னிருக்கையைப் பார்த்தான். டத்தோ கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். தூரத்தில் சுத்தியல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. சீனி போய் உட்கார்ந்தான். பிறகு அந்தக் காடிக்குள்ளிருந்து பீப், பீப் என்று ஒரு மெல்லிய மணிச் சத்தம் எழுந்தது. வண்டி பின்னால் போகும்போது மட்டும் அடிக்கிற மணி. அப்படி ஒரு மணி அதற்குள் இருப்பது சீனிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.